சிறப்பு விருந்தினருக்காக ஓடிய பத்து மீட்டர்

விளையாட்டைப் படம்பிடிக்கும் கலைக்கு விருத்தாசலம் ஒரு மகத்தான விதியை வழங்கியிருக்கிறது. கண்டறிந்தவர் கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கார்முகில். ஆட்டத்தின் தரம் உயர உயர, படத்தில் ஆடுகிறவர் குறைய வேண்டும் என்பதே அந்த விதி.

விளக்கினால் எளிதில் புரியும். பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் நடக்கும் தெருக் கபடியை எடுத்தால் பதினான்கு பேரும் படத்தில் விழுவார்கள், கூடவே ஒரு நாயும். குறுவட்டப் போட்டியில் பாதிப் பேர். மீதி இடம் தலைமையாசிரியர்களுக்கு. மாவட்டப் போட்டி என்றால் மேடை, பேனர், பொன்னாடை. ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தால் அதுதான் வீரர். மாநில அளவில் முழங்கையும் கூடாது என்று கேள்வி.

கேமராவும் இதற்கு ஒத்துழைக்கிறது. ஓடுகிறவரைத் துல்லியமாகப் பிடிக்க, ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறக்கலாம். சிறப்பு விருந்தினருக்கு அறுபதில் ஒரு பங்கு தாராளம். அவர் எங்கும் போகப்போவதில்லை.

சென்ற மாதம் மாவட்ட மகளிர் நானூறு மீட்டர். முதலில் வருபவர் ஒருவர் மட்டுமே மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாவட்டத்தின் ஓரத்து மங்களூர் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த வளர்மதி நாலடி முந்தி நாடாவைத் தொட்டாள். இரண்டு கால்களும் தரையில் படாத அந்தக் கணத்தைக் கார்முகில் பிடித்துவிட்டார். பதினெட்டு வருஷத் தொழிலில் அப்படியொரு படம் அவருக்கு அமைந்ததில்லை.

ஒரே ஒரு குறை. படத்தில் சிறப்பு விருந்தினர் இல்லை. அவர் அப்போது சேத்தியாத்தோப்பில் ஒரு காதணி விழாவில் இருந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் வந்ததும், போட்டிக் குழுச் செயலாளர் பழமலைநாதன் தன் 'நிர்வாகத் திறமை'யைக் காட்டினார். ஓட்டத்தின் கடைசிப் பத்து மீட்டர் மட்டும் மறுபடி நடக்கும். புது நாடா வந்தது. ஒரு முனை விருந்தினர் கையில். எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கை கழுவி வந்தார்கள்.

"மெதுவா ஓடுங்கம்மா. வேகமா ஓடுனா ஐயா மூஞ்சி மறைக்குது" என்றார் செயலாளர்.

வளர்மதி உயரம், மெதுவாக ஓடியும் மறைத்தது. அவளைப் பின்னால் அனுப்பினார்கள். காலையில் இரண்டாவதாக வந்த குள்ளப் பெண் பிரபா, சிரிக்கச் சொன்னபடி சிரித்துக்கொண்டே நாடாவைத் தொட்டாள். தொட்டதும், "சாரிக்கா" என்றாள்.

முடிவுத்தாளோடு படமும் ஒட்டி அனுப்ப வேண்டும் என்பது குழுவின் நெறிமுறை. ஒட்டும்போது தாளும் படமும் ஒத்துப்போகவில்லை. விருந்தினர் இருக்கும் படத்தைத் திருத்த முடியாது. தாளோ பென்சிலில் எழுதியது. ஆகவே தாள் திருத்தப்பட்டது.

வளர்மதி கார்முகிலிடம் வந்தாள். "அண்ணா, நாந்தான மொதல்ல வந்தன்? நீங்க எடுத்தீங்கல்ல?"

அவர் கேமராவோடு செயலாளரிடம் போய்க் காலைப் படத்தைக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்குது. இதுல ஐயா எங்க?"

"அப்ப ஐயா வரலைங்களே."

"ஐயா வராதப்ப போட்டி எப்பிடி தம்பி நடக்கும்? ரெண்டு படம் இருந்தா கொழப்பம். அத அழிச்சிடு. அடுத்த வருஷமும் நீதான வரணும்."

வாசலில் பையைத் தோளில் மாட்டியபடி வளர்மதி கார்முகிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி நின்று பொத்தானை அழுத்தினார். 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று திரையில் வந்தது.

அன்றைக்கு அந்தத் திடலில் அப்படி ஒரு வார்த்தை கேட்டது அந்தக் கேமரா மட்டும்தான். கார்முகில் 'ஆம்' என்றார்.