வெள்ளிக்கிழமைக் கைதட்டல்

மறுபடியும் கைதட்டல். லைப்ரரி மிஸ் எழுந்து போய் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

சாத்தியும் பிரயோஜனமில்லை. முந்நூறு பிள்ளைகள் மைதானத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரித்தால் அதைத் தடுக்கிற ஜன்னலை இன்னும் யாரும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் மொத்தமும் கீழே மைதானத்தில். நடுவே பெஞ்சு மேல் ஏறி நின்று ஒருவர் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறார். இலக்கணம் நடத்துகிறவராக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பேசுகிறவர் பி.டி. மாஸ்டர்! கழுத்தில் விசில். பந்து போடுகிற வலைப்பையில் நாற்பது புத்தகம். அவர் பேசி முடித்து விசில் ஊதினால் போதும், பிள்ளைகள் பையின் மேல் விழுந்து புத்தகத்தைப் பறித்துக்கொண்டு அங்கேயே குப்புறப் படுத்துப் படிக்க ஆரம்பித்துவிடும். கிடைக்காதவர்கள் பக்கத்தில் படிக்கிறவன் தோளில் தொங்குவார்கள்.

பத்தொன்பது வருடமாக நூலகத்தைக் கட்டிக் காக்கிற மிஸ்ஸோ இரண்டாம் மாடியில் காலி நாற்காலிகளுக்குக் காவல். அவளுக்கு வயிறு எரிந்தது. அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருந்தது. கைதட்டும்போது அந்த முந்நூறு பேரும் தலையைத் திருப்பி அவள் ஜன்னலைப் பார்த்தே தட்டினார்கள். வெறுப்பேற்றத்தான்! சொல்லிக்கொடுத்தது யாரென்று சொல்லவும் வேண்டுமா?

அவள் என்ன குறை வைத்தாள்? புதுப் புத்தகம் வந்தால் முதல் வாசகி அவள்தான். படித்து முடித்து, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டின் ஓரத்தில் தன் ஞாபகத்துக்குப் பென்சிலால் ஏதாவது கிறுக்கிவைத்து, பிறகுதான் அலமாரிக்கு அனுப்புவாள். நூலகத்தில் ஈ பறக்கிற சத்தம்கூட வரக் கூடாதென்று சுவரில் நாலு இடத்தில் 'பேசாதே' என்று எழுதி ஒட்டியிருந்தாள். இவ்வளவு செய்தும் பிள்ளைகள் வரவில்லையென்றால் குற்றம் மாஸ்டர் மேல்தான்.

"மிஸ்!"

ஏழாம் வகுப்பு வாயாடி. போன வாரப் புத்தகத்தைத் திருப்பித் தர மாடியேறி வந்திருந்தாள்.

"மிஸ், இன்னிக்கு மாஸ்டர் வாசிச்சது செம மிஸ்! நீங்க..."

"உஷ்! லைப்ரரில பேசக் கூடாது. வச்சுட்டுப் போ."

வாயாடி வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"அடுத்த மாசம் கல்வி அதிகாரி வர்றாங்க. மாஸ்டர் வெள்ளிக்கிழமை நடத்தறத நேர்ல பாக்கணுமாம். நல்லபடியா போச்சுன்னா, வர்ற வருஷம் லைப்ரரிப் பொறுப்பையே அவர்கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்."

மிஸ் பதறிப்போய்க் கேட்டாள். "அப்ப நானு?"

"பாடப்புத்தக ஸ்டோர் இருக்குல்ல. யாரும் வர மாட்டாங்க, சத்தமே இருக்காது. உங்களுக்குப் பிடிச்ச மாதிரி."

"மேடம், கூட்டம் சேத்துப் படிக்க வைக்க எனக்கும் தெரியும். ஒரு வாய்ப்பு குடுங்க."

அந்தப் புதன்கிழமையே பெரிய கூடத்தில் 'மாபெரும் மௌன வாசிப்பு'. முந்நூறு பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு புத்தகம். மிஸ் மைக்கைப் பிடித்தாள். வாசிப்பின் பயன்கள் மொத்தம் இருபத்தாறு. ஒவ்வொன்றாக விளக்கி முடிக்க முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. "இப்போது படிக்கலாம்" என்றாள். மணி அடித்தது. எட்டாம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து வந்த குறட்டைதான் அன்றைக்கு மௌனத்தைக் கலைத்த ஒரே சத்தம்.

அடுத்த புதன்கிழமை தொடர் வாசிப்பு. ஒரு கதையை வரிவரியாக நறுக்கி, முந்நூறு துண்டாக்கி, ஆளுக்கு ஒரு வரி கொடுத்தாள். வரிசையாக வந்து மைக்கில் வாசிக்க வேண்டியது. துண்டுகளுக்கு நம்பர் போட மறந்துவிட்டாள். அதுவும் போகட்டும், புழுக்கமாக இருக்கிறதே என்று மின்விசிறிகளையும் போட்டுவிட்டாள். கதாநாயகன் முதல் வரியில் செத்தான். பத்தாவது வரியில் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்தான். நூறாவது வரியில் பிறந்தான். பிறந்தவுடன் லாரி ஓட்டினான். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தன.

வாசலில் நின்று கேட்ட தலைமையாசிரியை, "கதை வித்தியாசமா இருக்கே. யார் எழுதினது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மிஸ்ஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆசிரியர் அறைக்குப் போய் டிபன் பாக்ஸைத் திறந்தால் எதிரே மாஸ்டர்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும்னு ரொம்ப நாளா... வெள்ளிக்கிழமை நீங்களும் கீழ வந்தா..."

"வந்து? நானும் கைதட்டணுமா?"

"ஐயோ, நீங்க எதுக்கு மேடம் தட்டணும்?"

"தெரியுதுல்ல?" என்று டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிக்கொண்டு எழுந்தாள். மாஸ்டர் விசிலைக் கையில் உருட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

ரகசியம் மறுநாள் வியாழக்கிழமை பிடிபட்டது. வியாழன்தோறும் மாஸ்டர் நூலகத்துக்கு வந்து பையை நிரப்பிக்கொண்டு போவார். அன்று மிஸ் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தாள். அந்த மனுஷன் அட்டையைப் பார்க்கவில்லை, முதல் பக்கத்தைப் புரட்டவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். சிரித்தார். பையில் போட்டார். அடுத்ததிலும் அப்படியே.

தேதிச் சீட்டு! எந்தப் புத்தகத்தில் எத்தனை முத்திரை விழுந்திருக்கிறது என்று எண்ணி, ஏற்கெனவே ஓடுகிற புத்தகமாகப் பொறுக்கிக்கொண்டு போகிறான்! அவள் உழைப்பு, அவன் பேர்!

இனி விடக் கூடாது. கதைப் புத்தகங்கள் இருநூற்றுப் பதினாறையும் சனிக்கிழமை மூன்று நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாப்பாட்டு மேஜை முழுக்கப் புத்தகமும் பசையும்.

"ஏங்க, அந்த ஈரத் துணிய இப்படிக் குடுங்க."

"பழைய சீட்டு நல்லாத்தானே இருக்கு? எதுக்கு உரிக்கற?" என்றார் வீட்டுக்காரர்.

"அழுக்கா இருக்கு."

"இதுல பென்சில்ல என்னமோ எழுதியிருக்கே." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "'முதல் முப்பது பக்கம் கொட்டாவி. முப்பத்தொண்ணுல நாய் பேச ஆரம்பிக்குது. அதுக்கப்புறம் யார் கூப்பிட்டாலும் காது கேக்காது.'" வாய்விட்டுச் சிரித்தார். இன்னொன்றை எடுத்தார். "'தம்பி தங்கச்சி உள்ளவங்க இத ஒளிஞ்சு படிக்கவும். யோசனை அவங்களுக்கும் வந்துடும்.' பிரமாதமா இருக்கே! யாரு எழுதினது?"

"நாந்தான். எது எந்தக் கதைன்னு மறந்துடக் கூடாதுல்ல? சிரிச்சது போதும், பசையத் தடவுங்க."

"இவ்வளவும் அந்த மாஸ்டர் மேல இருக்கற பொறாமையா?"

"பொறாமையா? எனக்கா?"

பொறாமைதான். சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினாறு புதுச் சீட்டும் வெள்ளை வெளேரென்று ஒட்டியாகிவிட்டது. பழைய சீட்டுகள் குப்பைக்குப் போயின.

மறுநாள் விடிந்தால் அதிகாரி வருகிற வாரம். வியாழக்கிழமை மாஸ்டர் நூலகப் படியேறும்போதே மிஸ் எதிர்கொண்டாள்.

"நாளைக்குப் பெரிய நாளு. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? பைய நானே நிரப்பி வச்சிருக்கேன்."

மாஸ்டரின் முகம் மலர்ந்துபோனது. "மேடம்! நீங்க எடுத்துக் குடுத்தா நான் கண்ண மூடிட்டு வாங்கிக்குவேன்."

வெள்ளிக்கிழமை மிஸ் முதல்முறையாகக் கீழே இறங்கி வந்தாள். அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலி. மாஸ்டர் அவளைப் பார்த்ததும் குஷியாகிக் கைகூப்பினார். பெஞ்சு மேல் ஏறி முதல் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

வெள்ளை.

இரண்டாவது புத்தகம். வெள்ளை. மூன்றாவது. பையையே கவிழ்த்துக் கொட்டினார். நெற்றியிலிருந்து வியர்வை விசிலில் சொட்டியது. முந்நூறு பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தன.

"இது... நல்ல புத்தகம்," என்றார் மாஸ்டர். "இதுவும் நல்ல புத்தகம். எல்லாமே... நல்ல புத்தகம்."

வேறு வழி தெரியாமல் விசிலை ஊதினார். பேச்சில்லாமல் விசில் வந்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். முந்நூறு பேரும் எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள்.

"படிக்கற நிகழ்ச்சின்னு சொன்னீங்க?" என்று அதிகாரி தலைமையாசிரியையைக் கேட்டார். இரண்டாவது சுற்றில் அவர் கிளம்பிவிட்டார்.

வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த தலைமையாசிரியை நேராக மிஸ்ஸிடம் வந்தார். "லைப்ரரி உங்ககிட்டயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தையும் அடுத்த வாரத்துலருந்து நீங்களே நடத்துங்க."

மிஸ்ஸுக்கு நெஞ்சுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. மாஸ்டர் காலிப் பையை அவள் கையில் கொடுத்தார். "எம்மேல எதாவது கோவமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கென்ன கோவம்?" என்றாள். நிஜமாகவே அப்போது இல்லை.

மூன்று சுற்று ஓடிய வாயாடி, கொட்டிக் கிடந்ததில் ஒரு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டியபடி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"மிஸ், இது லைப்ரரி இல்லையே. இங்க பேசலாமா?"

"பேசு, பேசு. தாராளமா பேசு." ஜெயித்தவளுக்குத் தாராளம் தானாக வந்தது.

"சீட்டெல்லாம் ஏன் மிஸ் மாத்திட்டீங்க? மாஸ்டருக்குப் படிக்கவே நேரம் இல்லையாம். நீங்க பென்சில்ல எழுதினதத்தான் சத்தமா வாசிச்சுக் காட்டுவாரு. வாசிச்சுட்டு, 'எழுதினது யாரு?'ன்னு கேட்டு மாடியக் கை காட்டுவாரு. வாராவாரம் நாங்க உங்களுக்குத்தான் மிஸ் கைதட்டினோம், நீங்கதான் ஜன்னலச் சாத்திக்கிட்டீங்க."