பாவுக்கு முன்னால் நின்ற சாயக்காரர்

கண் தெரியாத ஒருவர் சிவப்பில் பத்து வகை பிரித்துச் சொல்வார் என்றால், இந்த உலகத்திலேயே அது எங்கள் தெரு சாயக்கார மாமா ஒருத்தர்தான். பட்டு நூலை வெயிலில் தூக்கிப் பிடிப்பார். "இது குங்குமம் இல்ல, மாதுளை. எவன் போட்ட சாயம்டா இது?" என்பார். மாசம் பிறந்தால் கண் தெரியாதவர்களுக்கான பென்ஷனும் வாங்குவார். மணியார்டர்காரர் நீட்டும் பேனாவைக் காற்றில் துழாவித் துழாவி வாங்கி, கோடு பிசகாமல் கையெழுத்துப் போடுவார்.

ஒரு கண் போனது என்னவோ நிஜம்தான். கொதிக்கிற சாயம் தெறித்துவிட்டது. மிச்சம் இருந்த இன்னொன்று கழுகுக் கண். யாராவது கேட்டால் மாமாவுக்குக் கோபம் வரும்.

"ஒரு கண்ணு போனா அரை பென்ஷன்னு வெச்சிருந்தா நான் அரையோட நின்னிருப்பேன். வெக்கலயே! தப்பு இன்னா என்னுதா?"

ஆடி மாசத் திருவிழாவில் படவேட்டில் வாங்கிய பச்சைக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். பிள்ளைகள் போட்டு விளையாடுகிற கண்ணாடி அது. மாமா ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் அதைக் கழற்றி வைப்பார். பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் முன்னால், "போளூர் வண்டி வந்துகினு இருக்கு, ஜல்தி ஏறுங்க" என்று கத்துவார். பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்த்தால், "எனக்கு சத்தத்துலயே தெரியும்ங்க. தேவிகாபுரம் வண்டி இருமும், போளூர் வண்டி முனகும்" என்பார். எதிர்வீட்டில் கலர் டி.வி. வாங்கின புதிதில் தெருவே கூடிப் படம் பார்த்தது. கடைசி வரிசையில் இருந்த மாமா, "அந்தப் பொண்ணு கட்டின புடவை எலுமிச்ச மஞ்சள். உங்க பொட்டி மாம்பழ மஞ்சளா காட்டுது. திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு குப்பு அக்காவால் நின்றது.

குப்பு அக்கா எங்கள் தெருக் கோடியில் தனியாக இருந்தவள். ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். சர்க்கரை நோயில் அவளுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. பென்ஷனுக்கு எழுதிப் போட்டதற்கு, "உங்க தெருவுல ஏற்கெனவே ஒருத்தருக்குப் போவுது. அவர் பேரு போனாதான் உன் பேரு ஏறும்" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஒரு வேளைதான் பொங்கித் தின்றுகொண்டிருந்தாள். ஒரு நாள் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"எனக்குதான் கண்ணு தெரியல. உங்களுக்கு எல்லாம் தெரியுது இல்ல?"

அப்புறம் எனக்குத் தறியில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காட்டிக் கொடுப்பதா? மாமாவுக்கும் வயசாகிவிட்டது. சாயம் போடச் சொல்லி யாரும் இப்போது நிறைய நூல் தருவதில்லை. சும்மா இருப்பதா? அப்படியென்றால் குப்பு அக்காவின் சோற்றை நானும் சேர்ந்து தின்கிற மாதிரி.

கடைசியில் மாமாவிடமே போனேன்.

"மாமா, அத்த நீங்களே விட்டுடுங்க."

"எத்தம்மா?"

"பென்ஷன. குப்பக்கா பாவம்."

மாமா கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ பேசுவியா! இந்தத் தெருவுக்கு மருமகளா வந்ததுலருந்து இன்னிக்குதான் உன் குரல கேக்கறேன். மொதப் பேச்சே எனக்கு பேஜாராவா?" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "யோசிக்கறேன் போ" என்றார்.

அவர் யோசித்து முடிப்பதற்குள் அதிகாரி வந்துவிட்டார்.

வருஷா வருஷம் பென்ஷன் வாங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுப் போக யாராவது வருவதுதான். முன்னே வந்தவர்கள் மாமா தட்டுத் தடுமாறி நீட்டிய மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர் புது ஆள், மோர் குடிக்காத ஆள். அன்று காலையில் எங்கள் வீட்டுப் பாவு, தறியில் ஏற்றப்போகிற நீள நூல், தெருவில் நீட்டியிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், இடுப்பு உயரத்தில், அத்தனை பட்டு இழையும் விறைப்பாக நின்றது. ஒரு ஆள் நேராக வந்து மோதினால் எல்லாம் அறுந்து சிக்காகிவிடும். எங்கள் பிழைப்பே அந்தப் பாவில்தான் இருந்தது.

அதிகாரி எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டு வாசலில் கண்ணாடியும் குச்சியுமாக நின்ற மாமாவைப் பார்த்து, "பெரியவரே, இப்படி வாங்க. யாரும் அவரைப் புடிக்கக் கூடாது" என்றார்.

நடுவில் பாவு.

என் வீட்டுக்காரர் பாவின் அந்த முனையில் மூச்சு விடாமல் நின்றார். தெருவே நின்றது. மாமா குச்சியைத் தட்டிக்கொண்டு வந்தார். தட், தட். பாவுக்கு ஒரு சாண் முன்னால் அவர் கால் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அப்புறம் குனிந்தார். முதுகு ஒரு இழையில்கூடப் படாமல் அடியில் புகுந்து இந்தப் பக்கம் நிமிர்ந்தார்.

"கண்ணு தெரியலன்ன, எப்படிக் குனிஞ்ச?" என்றார் அதிகாரி.

"கஞ்சி வாசனைங்க சார். பாவுக்குப் போட்ட கஞ்சி மூக்கத் தொளைக்குதே! நெசவுத் தெருவுல பொறந்தவனுக்கு இது தெரியாதா?"

அதிகாரிக்கு வெளியூர். யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க பாவுதான? கஞ்சி போட்டிருக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், மாமா பிழைத்தார். மாமா கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வேண்டும் என்றே இருமினார். தெருக் கோடியில் குப்பு அக்கா வாசலில் உட்கார்ந்து, காதை எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

"இல்லிங்க சார்," என்றேன். "இனிமேதாங்க கஞ்சியே காச்சணும்."

மாமா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஜெயிலா, ஜாமீனா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அந்த ஓரத்துல ஒரு இழை தொங்குது பாரு. முடி போடு."

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கேஸ் கீஸ் எதுவும் இல்லாமல் பேரை மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மாமா குப்பு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். "கெளம்புக்கா. அந்த ஆபீசுல எந்த ஆளு எப்ப சீட்டுல இருப்பான்னு இந்தத் தெருவுல எனக்குதான் தெரியும்."

"உனக்கு வழி தெரியுமாடா?"

"போன வாரத்துலருந்து எனக்கு நல்லா கண்ணு தெரியுதுக்கா."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அலைந்து அவள் பேரை ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார். என்னோடு மட்டும் பேசவில்லை. நான் வாசலுக்கு வந்தால், "சி.ஐ.டி. வருது, எல்லாரும் உள்ள போங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். பொங்கல் வரைக்கும் அப்படித்தான். பொங்கலன்று தானாகவே வந்து, எங்கள் தறியில் ஓடிக்கொண்டிருந்த புடவையைப் பார்த்து, "கலரு பரவால்ல" என்றார்.

அப்போதுதான் கேட்டேன். "மாமா, அன்னிக்கு நேரா வந்து பாவுல மோதியிருந்தா உங்கள யாருமே சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்களே. ஏன் குனிஞ்சீங்க?"

"பழக்கம்மா. பாவப் பாத்தா தலை தானா குனியும். வேற ஒண்ணும் இல்ல."

பழக்கத்தில் குனிகிறவர் ஒரு மூச்சு நேரம் நின்றிருக்க மாட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதிகாரி கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவருக்காக ஒரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் பழக்கம் என்று அவர் சொன்ன இந்த ஒரு பொய்யை, அவர் இருந்தவரைக்கும், நம்பின மாதிரியே இருந்துவிட்டேன்.