அய்த்தாவின் பக்கத்து இடம்

பெரிய இடத்தை ஒட்டிக்கொள்பவர்கள் என்று ஓர் இனம் எங்கள் தார்க்னா நகரில் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். கட்டிலில் சாய்ந்து உண்ணும் விருந்து என்றால் நீதிபதியின் கட்டிலுக்கு அடுத்த கட்டிலைப் பிடிப்பார்கள். ஊர்வலம் என்றால் தலைமைப் பூசாரியின் அங்கியை மிதிக்கும் தூரத்தில் நடப்பார்கள். ஆடு காணாமல் போன பேச்சில்கூட, "நேத்துகூட நீதிபதி என்கிட்ட சொன்னாரு" என்று நுழைவார்கள். என்ன சொன்னார்? அதைக் கேட்கக்கூடாது.

பெரும்பாலோர் உயிரோடிருப்பவர்களோடு நிறுத்திக்கொள்வார்கள். வெல்தூர் என்ற ஒருவர் பாதாளம் வரை போனார்.

வசதியுள்ளவர்கள் போல அவரும் இருக்கும்போதே கல்லறை குடைந்து, சுவருக்குப் படம் எழுத அவ்லே என்ற ஓவியனை அமர்த்தினார். பாதாளத்து அரசன் அய்த்தா, தலையில் ஓநாய்த் தோலோடு, ராணியோடு விருந்தில் வீற்றிருக்க வேண்டும். எதிரே குடும்பத்தார் கட்டில்களில் சாய்ந்திருக்க வேண்டும். எல்லார் கல்லறையிலும் அப்படித்தான். வெல்தூருக்கு எதிரே போதவில்லை. பக்கத்தில் வேண்டும், முழங்கை உரச வேண்டும்.

"அந்த ஓநாய் வாயக் கொஞ்சம் மூடிடு. நான் ஒட்டி உட்காரணும்ல."

"மூடினா நாய்க்குட்டி மாதிரி ஆயிடும் ஐயா," என்றான் அவ்லே. பிறகு இன்னொரு சிக்கலையும் சொன்னான். அந்த இடுக்கில் இருவர் கட்டில் கொள்ளாது.

எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில், ஒரே போர்வையில் சாய்ந்துதான் விருந்துண்போம். கிரேக்கர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தனியாகச் சாய்ந்திருப்பவனைப் பார்த்தால் எங்களுக்குப் பாவமாக இருக்கும்.

வெல்தூர் யோசிக்கவே இல்லை. "ஒருத்தர் கட்டிலாப் போடு. வீட்டுக்காரி ஹாஸ்திய அப்புறம் பாத்துக்கலாம்."

ஈரச் சுண்ணாம்பில் படம் ஏறியது; காய்ந்துவிட்டால் மாற்ற முடியாது. அவர் மனைவி ஹாஸ்தி ஒருநாள் பார்க்க வந்தாள். முப்பது வருடமாக விருந்துதோறும் அவருக்கு முட்டை உரித்துக் கொடுத்தவள். அழவில்லை, சண்டை போடவில்லை.

"எங்க அப்பா கல்லறையில, அம்மா பக்கத்துல இடம் இருக்கு. என்னை அங்க வரைஞ்சிடு அவ்லே. கையில ஒரு முட்டையும் குடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வேலை முடிந்ததும் வெல்தூர் விளக்கோடு இறங்கினார், பின்னால் அவ்லேயும். அய்த்தாவுக்குப் பக்கத்தில், முழங்கை உரச, அவரேதான். ஆனால் கணவன் கை நீட்டுவதும் மனைவி முட்டை தருவதும் ஓவியர்களுக்குக் கைப்பழக்கம். அவ்லேயும் பழக்கத்தில் கையை நீட்டியபடியே வரைந்துவிட்டான். கொடுக்கத்தான் ஆளில்லை. அய்த்தா தன் ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓநாய் மட்டும் வெல்தூரைப் பார்த்தது.

நீட்டிய அந்தக் கையருகே விளக்கைக் கொண்டுபோனார் மனிதர். கேள்விப்பட்டபோது எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் குரலை இறக்கி, "இங்க ஹாஸ்திக்குக் கொஞ்சம் இடம் பண்ண முடியுமா?" என்றார்.

"சுண்ணாம்பு காஞ்சிருச்சு ஐயா."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன விருந்தில் பெரிய மனிதர் வந்ததும் நீங்களும்தான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தீர்கள். அப்போது உங்கள் பக்கத்தில் இருந்தது யார்? முட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவரா? போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். சுண்ணாம்பு சீக்கிரம் காயும்.