டாக்டர் சொன்ன எஸ்

உயிரோடு இருந்த என் அப்பாவை இலக்கண சுத்தமாகச் சாகடித்தவள் நான். கொலைக் கேஸெல்லாம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், அதுவும் ஆங்கிலத்தில்.

அப்போது பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, அமிர்திக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோரும் "பஸ் கமிங்கா?", "யூ ஈட்டிங்கா?" என்று ஆங்கிலத்தின் வாலில் ஒரு ‘ஆ’வைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்தாலே எனக்கு உடம்பு எரியும். "கேள்வின்னா துணைவினை முன்னாடி வரணும், எழுவாய் பின்னாடி போகணும்" என்று பிள்ளைகள் தலையில் குட்டிக்கொண்டே இருப்பேன். (என்னைக் குட்ட அப்போது ஆள் இல்லை.)

அந்த மாசியில் அப்பா புளி உலுக்க மரம் ஏறினார். கிளை முறிந்து, விழுந்தவரின் தலை கல்லில் பட்டது. ஜீப்பில் போட்டுக்கொண்டு வேலூருக்கு ஓடினோம். ஆபரேஷன் முடிந்து அவரை ஒரு கண்ணாடிக் கதவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு வெளியே இரும்பு நாற்காலி. மறுநாள் மதியம் அந்தக் கதவைத் திறந்து, பக்கத்து நாற்காலிக் குடும்பத்துப் பெரியவரை வெள்ளைத் துணி போர்த்தி வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா அந்தக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டாக்டர் வடநாட்டுக்காரர், தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவர் வெளியே வந்ததும் அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

"கேளுடி. அவரு பொழைக்க மாட்டாரான்னு கேளு."

அந்த நேரத்திலும் மண்டைக்குள் இலக்கணம் ஓடியது. துணைவினை முன்னால், எதிர்மறை அதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், எழுவாய் பின்னால். "வோன்ட் ஹி லிவ், டாக்டர்?" என்றேன். இன்றைக்கும் சொல்கிறேன், கேள்வியில் எள்ளளவும் பிழை கிடையாது.

தூக்கமில்லாத கண்களோடு, "எஸ், எஸ்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கதவுக்குள் போய்விட்டார்.

"இன்னாடி சொன்னாரு?"

"ஆமாங்கறாரும்மா."

பிழைக்க மாட்டாரா? ஆமாம். தமிழில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா கத்தவில்லை. தலையில் வாடிக் கிடந்த பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

எங்களோடு ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, சாவு வீட்டு வேலை என்றால் பம்பரமாகச் சுற்றுகிறவர். "நான் போய் ஏற்பாட்ட பாக்கறேன், நீங்க இருந்து எடுத்துனு வாங்க" என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் வாசலில் பந்தல், ஐஸ் பெட்டி, மேளம், பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர். (பேனருக்குக் கிடைத்த அப்பாவின் ஒரே படம், யார் கல்யாணத்திலோ கூலிங்கிளாஸ் போட்டு எடுத்தது.)

மறுநாள் காலை எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். கடைசியாக முகம் பார்க்கத்தான் என்று அம்மாவைத் தாங்கிக்கொண்டு போனேன். அப்பா கண்ணைத் திறந்தார்.

"ஏண்டி, டீ கெடைக்குமா?"

(வாலில் ‘ஆ’. எவ்வளவு தெளிவான கேள்வி!)

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் டாக்டரிடம் ஏறக்குறைய சண்டைக்கே போனேன். "எஸ், ஹி வில் லிவ். ஐ டோல்ட் யூ" என்றார் அவர். அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் கேள்வியை எப்படிப் புரட்டிப் போட்டாலும் எஸ் என்றால் பிழைப்பார், நோ என்றால் பிழைக்க மாட்டார். இதை நான் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அப்பா இருக்காரு."

"எங்க கீறாரு? வண்டி கெளம்பிடிச்சா?"

"உசுரோட இருக்காரு மாமா."

போனுக்குள் மேளம் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப மேளத்த நிறுத்தச் சொல்லட்டா?"

அப்பா வீடு திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பேனரை வாங்கி மாட்டுக் கொட்டகைக்குக் கட்டிக்கொண்டார். "மழைக்கு ஆவும்" என்றார். ஆனால் புருஷன் இருக்கும்போதே பூவை எடுத்தவள் என்ற பேச்சை அம்மா ரொம்ப நாள் கேட்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சில வருடங்கள் கழித்து அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இந்த முறை வேறு ஆஸ்பத்திரி, தமிழ் டாக்டர். "போயிட்டாருங்க" என்று தமிழில்தான் சொன்னார். வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"யாரு கேட்டது? நீயா?"

"ஆமாம்மா."

"நீ தள்ளு. மாமன போய் கேக்கச் சொல்லு."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடியே உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை அம்மா கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

இப்போதும் வீட்டில் நான் எந்தச் சேதி கொண்டுவந்தாலும், பஸ் போய்விட்டது என்றாலும்கூட, "நீ தள்ளு, மாமன கேக்கச் சொல்லு" என்று அம்மாதான் முதலில் ஆரம்பிப்பாள். எல்லோரும் சிரிப்போம், நானும்தான். அப்பா போன அன்றைக்கு மட்டும் நான் கேட்டுவந்த சேதி சரியாக இருந்துவிட்டதே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.