கேட்டுச்சொல்லி வாத்தியார்

எலியோதோரோவிடம் ஒரு சின்னப் பழக்கம் உண்டு. பிள்ளைகள் எதைக் கேட்டாலும், வாய் திறப்பதற்கு முன் அவர் கை இடது பக்கச் சட்டைப்பைக்குப் போய்விடும். அவரிடம் நான் மூன்றாம் வகுப்பு படித்த காலத்திலேயே கவனித்திருக்கிறேன். இன்று அதே பள்ளியில், அவருக்கு அடுத்த அறையில், நானே மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன், இன்னும் கவனிக்கிறேன். அன்று அந்தப் பையில் பள்ளி விதிமுறைப் புத்தகம் மடிந்து கிடந்தது. பிறகு ஏதோ பயிற்சியில் கொடுத்த வண்ண அட்டைகள் வந்தன. இப்போது கைபேசி. வகுப்பை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று ஆசிரியர்களுக்கு யோசனை சொல்லும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்று அதற்குள் குடியிருக்கிறது.

இவர் ஏதோ சிலி நாட்டில் எங்கள் அந்தோஃபகாஸ்தாவில் பிறந்த ஒற்றை மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் ஓர் இனம். கேட்டுச்சொல்லி இனம். ஒரு விஷயத்தைப் பற்றி உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் யோசனை கேட்பார்கள். அந்த விஷயம் யாருடையதோ, அவரிடம் மட்டும் கேட்க மாட்டார்கள்.

என்னென்ன கேட்பார் என்கிறீர்கள்? வரிசையில் நிற்கவைக்க இரண்டு முறை கை தட்டலாமா மூன்று முறையா, சத்தம் போடுகிறவனை முறைக்கலாமா, முறைத்தால் எத்தனை விநாடி, முறைத்தபின் சிரிக்கலாமா, சிரித்தால் முறைத்தது வீணாகிவிடுமா, பென்சிலைக் கடிக்கும் பிள்ளையிடம் பென்சிலைப் பிடுங்குவதா பேச்சுக் கொடுப்பதா என்று காலையிலிருந்து மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார். அதுவும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நல்ல யோசனைகள்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு நாள் பென்ஹமீன் எழுந்து நின்றான்.

"மாமா, ஒண்ணுக்குப் போணும் மாமா."

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாத்தியார் என்றால் மாமாதான். மாமா கைபேசியை எடுத்தார். எட்டு வயதுச் சிறுவன், பாடம் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம், கழிப்பறை கேட்கிறான், என்ன செய்யலாம் என்று பிழையில்லாமல் தட்டினார். ஐந்து யோசனைகள் வந்தன. முதல் யோசனையே, உடனே அனுப்புங்கள் என்பதுதான். ஆனால் கேட்டுச்சொல்லி இனம் ஐந்தையும் படிக்காமல் முடிவெடுக்காது. படித்து முடித்து நிமிர்ந்தார்.

"சரி, போய்ட்டு வா."

"இனிமே வேணாம் மாமா."

இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மிர்லாந்த் விஷயத்தில்தான் சிரிப்பு நின்றது.

மிர்லாந்த் ஹைதியிலிருந்து வந்த சிறுமி. ஏப்ரலில் அவர் வகுப்பில் சேர்ந்தாள். எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள், புன்னகைப்பாள். எங்கள் ஸ்பானிய மொழி அவளுக்குப் புரிகிறது என்று எலியோதோரோ பதிவேட்டில் எழுதினார். மதிப்பெண்ணும் ஏழுக்கு ஐந்து வந்துகொண்டிருந்தது. அப்புறம் என்ன? பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரிட்சாவின் வாய்தான் தொல்லை. அவர் ஒரு வாக்கியம் சொன்னால் அவள் மிர்லாந்தின் காதில் இரண்டு வாக்கியம் சொல்வாள். மிரட்டினால் குரல் தணியும், பேச்சு நிற்காது.

செப்டம்பர் விடுமுறை முடிந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"பாரும்மா. மூணாவது வரிசை, ரெண்டு பொண்ணுங்க, ஓயாத பேச்சு. கேட்டேன். எவ்ளோ அழகா இடம் மாத்திக் கொடுத்திருக்கு பாரு!"

பார்த்தேன். வரைபடம் அழகாகத்தான் இருந்தது. அதற்கு மேலே அது அவரிடம் ஒன்று கேட்டிருந்தது: "அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பார்த்தீர்களா?" அதற்கு எலியோதோரோ தட்டியிருந்த பதில்: "அதெல்லாம் வேண்டாம். வரைபடம் மட்டும் போதும்."

அந்த இரண்டு வரியையும் நான் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; எனக்குத் தோன்றுவது சரியா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டியை மென்றுகொண்டே, "நல்லா இருக்கு மாமா" என்றேன்.

யாரிட்சா முன்வரிசை ஜன்னலுக்கும், மிர்லாந்த் கடைசி மூலைக்கும் போனார்கள்.

"மாமா, நான் அவ பக்கத்துலதான் இருக்கணும் மாமா."

"முதல் வாரம் அடம் பிடிப்பாங்க, விட்டுக்கொடுக்காதீங்கன்னு இதுல முன்னாடியே போட்டிருக்கு. உக்காரு."

ஒரே வாரத்தில் வகுப்பு அடங்கியது. ஈ பறந்தால் கேட்கும். தலைமையாசிரியை வந்து வாசலில் நின்று ரசித்தார்; ஆசிரியர் கூட்டத்தில் எலியோதோரோ எழுந்து அரை மணி நேரம் பேசினார்; நாங்கள் குறிப்பெடுத்துக்கொண்டோம். எல்லாரையும்விட அமைதியானவள் மிர்லாந்த். அக்டோபரில் அவள் மதிப்பெண் மூன்று. நவம்பரில் இரண்டு.

டிசம்பரில் பெற்றோர் கூட்டம். மீன் ஆலையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு நேராக வந்திருந்தார் மிர்லாந்தின் அம்மா. துணைக்கு யாரிட்சா. நான் அடுத்த மேசையில் இருந்தேன். எலியோதோரோ கைபேசியிடம் எழுதிவாங்கி வைத்திருந்ததைப் படித்தார்.

"மிர்லாந்த் அன்பும் அமைதியும் நிறைந்த மாணவி. அவளுடைய கற்றல் பயணத்துக்கு இன்னும் சற்றுக் காலம் தேவைப்படுகிறது."

யாரிட்சா அந்த அம்மா பக்கம் திரும்பி, அவர்கள் மொழியில் சடசடவென்று ஏதோ சொன்னாள். அம்மாவின் முகம் மாறியது.

"என்னடி சொன்னே?"

"ஃபெயில்னு சொன்னேன் மாமா."

"உனக்கு எப்படி இந்த பாஷை தெரியும்?"

"ஒரே காம்பவுண்டுதானே மாமா நாங்க, அங்க பாதிப் பேருக்கு இந்த பாஷைதான். அவ வந்த நாள்லேர்ந்து பேசறேன். வகுப்புல நீங்க சொல்றதையெல்லாம் நான்தானே அவளுக்குச் சொல்லிட்டிருந்தேன்? நீங்கதான் தூரமா தூக்கிப் போட்டீங்க."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"ஏன்னு நீங்க கேக்கவே இல்லையே."

இதில் இன்னொரு வேடிக்கை. கைபேசியில் இருந்ததே, அந்த உதவியாளருக்கும் ஹைதி மொழி நன்றாகத் தெரியும். கேட்டிருந்தால் ஒவ்வொரு பாடத்தையும் மொழிபெயர்த்துத் தந்திருக்கும். பென்சில் கடிப்பதைப் பற்றிப் பதினான்கு முறை கேட்டவர், இதை ஒரு முறை கேட்கவில்லை.

அந்த அம்மா மெதுவாக ஏதோ கேட்டார். யாரிட்சா சொன்னாள்:

"அவ என்ன தப்பு செஞ்சா, எதுக்கு மூலையில உக்கார வச்சீங்கன்னு கேக்கறாங்க மாமா."

எலியோதோரோ காகிதங்களைத் தட்டி அடுக்கினார்.

"அடுத்தவங்க காத்திருக்காங்க" என்றார்.

சிரித்து முடித்தீர்களா? நல்லது. உங்கள் பெண் இரண்டு நாளாகத் தட்டைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் கேட்பீர்கள்? மருத்துவரிடமா, மைத்துனியிடமா, கைபேசியிடமா? தட்டுக்கு எதிரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது எத்தனையாவதாக நினைவுக்கு வரும்? எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் எலியோதோரோவைப் பற்றிப் பேசுங்கள். நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச்சில் பள்ளி திறந்தது. யாரிட்சா நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள். மிர்லாந்த் மறுபடியும் மூன்றாம் வகுப்பு. இந்த முறை என் அறையில். தலையாட்டுகிறாள், புன்னகைக்கிறாள். தான் செய்த தப்பு என்ன என்று அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. எலியோதோரோவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.