சந்தனம் சரியாகத் தெரிகிறதா?

கொடைக்கானலில் எங்கள் தெருவில் ஸ்டெப் கட் அண்ணனைக் கேட்காமல் ஒரு தீப்பெட்டிகூட யாரும் வாங்கியதில்லை. தெரியாமல் வாங்கிய ஒன்றிரண்டு பேர் உண்டு. அவர்கள் வீட்டுக்கே போய், பெட்டியைப் பிரித்து, ஒரு குச்சியை உரசி, அது எரிகிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "ஏமாந்துட்டீங்களேக்கா" என்று உச்சுக் கொட்டுவார். அடுத்த தடவை அவர்களும் அவரை அழைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. காதை மூடி, பிடரியில் படிப்படியாக இறங்கும் அந்தத் தலைமுடிதான் அவர் பெயர். ஊர் உலகமெல்லாம் அந்த ஸ்டைலை மறந்த பிறகும் அண்ணன் மறக்கவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. மேகம் இறங்கினால் முடி சுருண்டுவிடும் என்று வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவார். ஏரிப் பக்கம் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். மங்கி குல்லாவை மலைமலையாகக் குவித்து வைத்திருந்த மனிதர், மார்கழிக் குளிரில் பல் தந்தியடித்தபோதுகூட ஒன்றை எடுத்து மாட்டியதில்லை. முடி அமுங்கிவிடுமாம்.

வியாபாரமா? அதை ஏன் கேட்கிறீர்கள்! சென்னையிலிருந்து ஒரு குடும்பம் நடுங்கிக்கொண்டு வந்து நிற்கும். இவர் வானத்தைப் பார்ப்பார். "இது ஒங்களுக்கு வேணாங்க. நாளைக்கு வெயிலடிச்சிரும். ஊருக்குப் போயி பீரோவுலதான் போட்டு வைப்பீங்க. ஒரு டீயக் குடிங்க, சரியாப் போயிரும்." அவர் சம்சாரம் கல்லாவில் உட்கார்ந்த நேரத்தில்தான் அந்தக் கடையில் ஸ்வெட்டர் விற்றது.

அடுத்தவர் சாமான் வாங்கப்போகிறார் என்றால் மட்டும் அண்ணனுக்கு றெக்கை முளைத்துவிடும். மும்தாஜ் அக்கா குடை வாங்கப் போனபோது, கடைக்காரரையே குடைக்கு அடியில் நிற்கவைத்து மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். கீழ்வீட்டில் மாப்பிள்ளை பார்க்க அழைத்துப் போனார்கள். மாப்பிள்ளையை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தார். வாங்கவில்லை. கல்யாணம் நடந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் நான் லேப்டாப் வாங்கப்போவதை மறைத்தேன்.

அப்போது நான் பழனியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் வாசம். சனிக்கிழமை மலை ஏறுவேன், திங்கள்கிழமை இறங்குவேன். அடிவாரத்தில் ஒரு ஸ்டுடியோவில், மொட்டை போட்டுக்கொண்டு வரும் குடும்பங்களின் படங்களைத் திருத்தி ஆல்பம் செய்யும் வேலை எனக்குக் கிடைப்பதாக இருந்தது. கடைசி வருஷத்து ஃபீஸுக்கு அந்த வேலையைத்தான் நம்பியிருந்தேன். சாம்பிளுக்கு ஒரு படம் கொடுத்தார்கள். ஹாஸ்டல் நண்பனின் லேப்டாப்பில் விழுந்து விழுந்து செய்தேன். திரையில் சந்தனம் அம்சமாக இருந்தது. பிரிண்ட் போட்டால் தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலையும் பச்சை.

"என்னப்பா, மண்டையில பாசி புடிச்சிருக்கு?" என்றார் ஸ்டுடியோக்காரர். "சாமிக்கு முடி குடுத்துட்டு வந்தவுங்க கையில இதக் குடுத்தா என்னைய சும்மா விடுவாங்களா?" ஆனாலும் துரத்திவிடவில்லை. "கலர் சரியாத் தெரியுற மாதிரி சொந்தமா ஒண்ணு வாங்கிட்டு வா. தைப்பூசக் கூட்டம் வர்றதுக்குள்ள வந்தா வேலை ஒனக்கு. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கிருவேன்."

அம்மா சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அந்த ஒரு தடவைதான் முடியும் என்றும் சொல்லிவிட்டாள். படம் திருத்த ஏற்றது என்று விளம்பரத்தில் வந்தவை எல்லாம் அந்தப் பணத்துக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை. தப்பானதை வாங்கினால் பணமும் போச்சு, வேலையும் போச்சு, படிப்பும் அந்தரத்தில் தொங்கும். அண்ணன் சோதனை போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் தெருவில் மூச்சு விடவில்லை. அம்மா விட்டுவிட்டாள், பச்சை மொட்டைக் கதையையும் சேர்த்து.

திங்கள்கிழமை வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், சீவிய தலையோடு அண்ணன் நிற்கிறார். தோளில் ஒரு ஜோல்னாப் பை, கையில் மன்னவனூர் உருளைக்கிழங்கு ஒரு மூட்டை.

"ஏலே, வாராவாரம் இந்த பஸ்ஸுல நின்னுக்கிட்டே போற ஆளு நீ. லேப்டாப்பு எம்புட்டு கனமிருந்தா ஒனக்குத் தாங்கும்?"

"தெரியலண்ணே."

"தெரியாம என்னத்த வாங்கப் போற? பையத் தெற."

என் முதுகுப் பை நிறைய உருளைக்கிழங்கு ஏறியது. சீட் காலியாகக் கிடந்தும் உட்கார விடவில்லை. கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு, "தோளு வலிக்குதா?" என்பார். "வலிக்குதுண்ணே" என்றால் ஒரு கிழங்கை எடுத்துப் பக்கத்து சீட்டு அம்மாவின் மடியில் போடுவார். கண்டக்டர் கேட்டதற்கு, "லேப்டாப்பு வாங்கப் போறோம்" என்று பதில் சொன்னார். கண்டக்டர் அப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை. பழனி வந்தபோது பஸ்ஸில் பாதிப் பேருக்கு மத்தியானக் குழம்புக்குக் கிழங்கு கிடைத்திருந்தது. பையில் மிஞ்சியதை அண்ணன் கையால் தூக்கிப் பார்த்தார். "இதுக்கு மேல ஒரு கெழங்கு கனங்கூட இருக்கக் கூடாது. சரியா?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், புதுசும் பழசும் விற்கும் பாய் கடைக்குப் போனோம். பாய் பொறுமைசாலி. தராசில் வைப்பது போல ஒரு கையில் கிழங்குப் பை, மறு கையில் லேப்டாப் என்று அண்ணன் தூக்கித் தூக்கிப் பார்த்து, பாதிக் கடையைக் கழித்துக் கட்டியதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தேறியது மூன்றுதான். ரேம், பிராசசர் என்று பாய் ஆரம்பித்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரேமு பத்தலைன்னா பின்னாடி கூட்டிக்கிறலாமா பாய்?"

"இந்த மூணுலயும் கூட்டிக்கிறலாம்ங்க."

"ஸ்கிரீனு?"

"அது வாங்குனது வாங்குனதுதான்."

"அப்பச் சந்தனம் எப்படித் தெரியும்னு சொல்லுங்க."

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்டுடியோவில் கொடுத்த அந்த மூன்று மொட்டைப் படம், நான் திருத்தாதது, பென்டிரைவில் இருந்தது; அதை மூன்றிலும் திறந்தேன். ஒன்றில் தலை பச்சை, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் ஒரு மாதிரிச் சிவப்பு. அந்தத் தலைகளை நேரில் பார்க்காத நான் எதை நம்புவது?

"அசலு பக்கத்துல இருந்தாத்தான்டா தெரியும். இரு, ஒரு சோலி இருக்கு, வந்துர்றேன்" என்று அண்ணன் இறங்கிப் போனார். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து ஒரு மொட்டைச்சாமி கடைக்குள் வந்தார். தலை முழுக்க ஈரச் சந்தனம். "மலையில செருப்பத் தொலைச்சிட்டீங்களா? செருப்புக் கடை அடுத்ததுங்க" என்றார் பாய். சாமி நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்துத் தலைக்குக் கொண்டுபோனார். சீப்பு சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே!" என்று அலறிவிட்டேன்.

"மொட்டை போடுறவரு என்ன வேண்டுதல்னு கேட்டாரு. லேப்டாப்புன்னேன். அவரு சிரிக்கலடா. போன வாரம் ஒருத்தரு லாரிக்குப் போட்டாராம்" என்றார் அண்ணன். "முழிச்சுக்கிட்டு நிக்காத. வெரசா போட்டோ எடு, சந்தனம் காயுது!"

வெயில் வெளிச்சத்தில் கடை வாசலில் அவரை நிற்கவைத்துப் படம் எடுத்தேன். அதை மூன்று லேப்டாப்பிலும் போட்டேன். ஒவ்வொரு திரைக்கும் பக்கத்தில் அண்ணன் தலையைக் குனிந்து வைத்தார். பாயும் நானும் தலையைப் பார்ப்போம், திரையைப் பார்ப்போம், மறுபடி தலையைப் பார்ப்போம். சந்தனம் காய்ந்து வெளுக்க ஆரம்பித்தது. "தண்ணி! தண்ணி!" என்று அண்ணன் கத்த, பாய் தன் பாட்டிலை எடுத்து அவர் தலையில் தெளித்தார். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் சாமி வந்திருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைசியில் ஜெயித்தது, முதலில் மூன்று தலையையும் சிவப்பாகக் காட்டியதுதான். அந்தப் படத்தில் இருந்தவர்கள் குங்குமம் கலந்து பூசியிருந்திருக்கிறார்கள். மூடியில் ஒரு நெளிசல் உள்ள பழைய லேப்டாப் அது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அண்ணன் தலை அண்ணன் தலையாகவே தெரிந்தது. விலையும் சீட்டுப் பணத்துக்குள் அடங்கியது.

நேரே ஸ்டுடியோவுக்குப் போனோம். அண்ணன் படத்தைத் திருத்திப் பிரிண்ட் போட்டேன். ஸ்டுடியோக்காரர் அதை அண்ணன் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "அச்சு அசலா இருக்கு. நாளைக்கே வந்துரு" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சாயங்காலம் மலை பஸ்ஸில் அண்ணனை ஏற்றிவிட்டேன். "முடி போச்சேண்ணே" என்றேன். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"போடா, வளராமயா போயிரும்? மேல போனா குளிரும், அதான் சங்கடம்" என்று ஜோல்னாப் பைக்குள் கையை விட்டு, ஒரு புது மங்கி குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறார். அதாவது, சீவிய தலையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றபோதே முடிவு பண்ணிவிட்டுத்தான் நின்றிருக்கிறார். பஸ் போன பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

முடி வளர்ந்துவிட்டது. அதே காது, அதே படிக்கட்டு, இப்போது கொஞ்சம் வெள்ளை. நான் படிப்பை முடித்து, திண்டுக்கல்லில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எந்தத் திரை வாங்கினாலும் முதலில் அந்த மொட்டைத் தலைப் படத்தைத்தான் திறப்பேன். போன மாதம் ஒரு புது லேப்டாப் வந்தது. அம்மா வழக்கம்போலச் சொல்லிவிட்டாள். உடனே போன் வந்தது.

"ஏலே, என்னையக் கேக்காம வாங்கிட்டியாமே? சந்தனம் சரியாத் தெரியுதா?"

திரையைப் பார்த்தேன். ஈரம் காயாத சந்தனம், கையில் சீப்பு, எல்லாம் அப்படியே தெரிந்தது.

"சந்தேகமா இருக்குண்ணே. நீங்க நேர்ல வந்து பாத்தாத்தான் சரிப்படும்" என்றேன்.

"அதானே பாத்தேன்! வெள்ளனே பஸ்ஸுக்கு வர்றேன், அதுவரைக்கும் எதையும் தொட்டுறாத" என்று போனை வைத்தார்.

திரையில் ஒரு குறையும் இல்லை. அவரைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது, அவ்வளவுதான்.