விசில் அண்ணன் நடத்திய பாதிப் பாடம்

வகுப்பை அடக்க உலகத்தில் எத்தனை வழி உண்டோ அத்தனையிலும் தோற்றுப்போன ஒரே மனிதர் எங்கள் விசில் அண்ணன்தான். பி.எட். படித்தபோது, ஆங்கிலம் நடத்திப் பழக எங்களைக் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழு பேர் போனோம். ஆறு பேர் சின்ன வயசுக்காரர்கள். அண்ணனுக்கு முப்பத்தாறு. சங்கராபுரம் வழித்தடத்தில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்துகொண்டே தபாலில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர். வாத்தியார் ஆகாமல் சாகமாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

முதல் நாளே எட்டாம் வகுப்பு அவரைப் பார்த்ததும் கூச்சல் போட்டது. அண்ணன் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து ஊதிவிட்டார். விளையாட்டுப் பீரியட் என்று நினைத்து முப்பத்தோரு பிள்ளைகளும் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அன்றைக்கு வைத்த பெயர்தான் விசில்.

அடுத்து, கரும்பலகை. பேசுகிறவர்கள் பெயரை லீடர் ஓரத்தில் எழுதிவைப்பதும், அதற்குப் பிறகும் பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவதும் நாம் எல்லோரும் பட்ட அவமானம். அண்ணன் அதைத் தலைகீழாக்கினார். அவர் வகுப்பில் இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர்களின் பெயர்தான் பலகையில் ஏறும். தப்பும் தவறுமாக எதையாவது பேசினால் போதும், பெயரை அழித்துவிடுவார்.

அவ்வளவுதான். “சார், ரெயின் கம்!”, “சார், கோட் ஈட் மை புக்!”, “சார், ஹீ லையர்!” என்று ஓடு பறக்கிற மாதிரி சத்தம். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் ஓடிவந்தார்.

“இன்னா சார் இது, க்ளாஸா சந்தையா?”

“பேசிக்கினு இருக்காங்க சார். அதுக்குத்தான வந்தோம்?”

நான் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன். “அண்ணா, மார்க் ஷீட்டுல க்ளாஸ் கன்ட்ரோலுன்னு தனியா ஒரு கட்டம் இருக்கு. அதுல முட்டைதான் வாங்கப்போறீங்க.”

“பஸ்ஸுல கத்தறவன் எப்பவும் டிக்கெட் எடுத்தவன்தாம்மா. மூஞ்சியத் திருப்பிக்கினு கம்முனு குந்தினு இருக்கான் பாரு, அவனத்தான் நான் தேடணும்” என்றார்.

ஒரே வாரத்தில் பலகை காலியாகிவிட்டது. ஒரு பெயரைத் தவிர. காவேரி, இரண்டாவது பெஞ்ச், ஜன்னலோரம். ஐந்து வாரம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. அண்ணன் திட்டமாட்டார். “இன்னிக்கு எதுனா பேசலாமா காவேரி?” என்பார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டுவாள். “சரி, நாளைக்கு” என்று பெயரை எழுதிவிட்டு மேலே போய்விடுவார்.

வெளியிலிருந்து தேர்வாளர் வரும் நாள் நெருங்கியது. அவரை எக்ஸ்டர்னல் என்போம். அவர் ஃபெயில் போட்டால் அண்ணனுக்கு ஒரு வருஷம் போச்சு. மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்து குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணி, “தோத்துட்டு வூட்டுக்கு வந்தா சோறு கெடையாது” என்று சொல்லி அனுப்பியிருந்தார். இன்னொரு வருஷம் தாங்காது என்று எங்களுக்கும் தெரியும்.

எக்ஸ்டர்னல் வருவதற்கு முந்தின நாளே பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்ப்பது எங்கள் தொழில் ரகசியம். எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. வலது கைக்காரர்களைத்தான் எழுப்புவோம். அண்ணன் முகத்தைச் சுளித்தார். அவருக்காக நானே ஒத்திகை நடத்தி, மூச்சு விடக் கூடாது என்று மிரட்டியும் வைத்தேன்.

மறுநாள் வகுப்பில் அப்படி ஓர் அமைதி. எக்ஸ்டர்னல் கடைசியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த பீரியட் என் முறை என்பதால் நானும் அங்கேயே இருந்தேன். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று அண்ணன் இங்கிலீஷில் கேட்டார். ஒருவன் கடைக்குப் போவேன் என்றான், ஒருத்தி துணி துவைப்பேன் என்றாள். அப்போது காவேரி வலது கையைத் தூக்கினாள். ஒத்திகையில் அவள் எந்தக் கையையும் தூக்கவில்லை.

“டுமாரோ மை மேரேஜ், சார்.”

“குட். நெக்ஸ்ட்” என்றார் எக்ஸ்டர்னல், தலை நிமிராமல்.

அண்ணன் அடுத்த பிள்ளைக்குப் போகவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் குந்தினார். “யாரும்மா மாப்ள?”

“எங்க மாமன் சார். விடிஞ்சா தாலி.”

அவளுக்குப் பதிமூன்று வயது. நான் பின்னாலிருந்து, பாடத்தை நடத்துங்கள் என்று கையை ஆட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் எழுந்தார். “சார், க்ளாஸ் முடிஞ்சிச்சி.”

“இன்னும் இருபது நிமிஷம் இருக்கே?”

“இந்தப் பொண்ணுக்கு இல்லிங்க சார்.”

அவளை அழைத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்விட்டார். தலைமை ஆசிரியர் தயங்கியதால் குழந்தைகள் உதவி எண்ணுக்கு அவரே போன் செய்தார். இங்கே வகுப்பு கூரை பிய்ந்து போகிற அளவுக்குக் கத்தியது. எக்ஸ்டர்னல் க்ளாஸ் கன்ட்ரோல் கட்டத்தில் முட்டை போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த பீரியட் அதே வகுப்பில், காவேரி இல்லாத பெஞ்சைப் பார்த்தபடி, நான் அமைதியாகப் பாடம் நடத்தி நல்ல மார்க் வாங்கினேன்.

அன்று சாயங்காலமே ஜீப்பில் அதிகாரிகள் வந்து கல்யாணத்தை நிறுத்தினார்கள். பதினெட்டு வயசு ஆகாமல் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவள் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொங்கல் விடுமுறை முடிந்தபோது காவேரி பள்ளிக்கு வரவில்லை. மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போன இடத்தில் தாலி கட்டிவிட்டார்கள் என்று பக்கத்து பெஞ்சுப் பெண் சொன்னாள். அண்ணன் இரண்டு முறை மலையேறிப் போனார். இரண்டு முறையும் வீடு பூட்டிக் கிடந்தது.

“அஞ்சு வாரமா தெனம் பேர எழுதினேன். ஏன் பேசலன்னு ஒரு நாள் தனியாக் கூப்ட்டுக் கேட்டனாம்மா?” என்று என்னிடம் அழுதார். ஃபெயிலான பிறகு மறுபடி அவர் பரீட்சை எழுதவே இல்லை. பழைய முதலாளியிடமே வேலைக்குப் போய்விட்டார்.

நான் இப்போது சின்னசேலம் பக்கம் டீச்சர். எப்போதாவது அவர் பஸ்ஸில் ஏறுவேன். என்னிடம் வரும்போது நலம் விசாரிக்கமாட்டார். குனிந்து, “காவேரியப் பத்தி எதுனா தெரிஞ்சிதாம்மா?” என்பார். இல்லை என்பேன். பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்து வெகுநாளாகிறது. அவளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரே வாத்தியார் இவர்தான்.